கை தூக்கிய சந்தை

நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளையும் ரோய்ஸ்டனே இறக்கி, துடைத்து, வரிசையாகப் போட்டான்.

உட்கார ஆள்தான் வரவில்லை.

பத்து காஜா ஊரைத் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசல். ரப்பரை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுப் பல வருடமாகிறது. செம்பனைக் குலை சுமக்கும் மோட்டார் தள்ளுவண்டியைச் சிறு தோட்டக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவது அவனுடைய கம்பெனி. கம்பெனி என்றால் அவனும் வண்டியும்.

முதலீடு போடும் ஷர்வின் இன்னும் சற்று நேரத்தில் கோலாலம்பூரிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். வண்டியை வாடகைக்கு எடுக்கப் பேர் கொடுத்து நிற்கும் கூட்டத்தைக் காட்டினால் பணம் வரும். காட்டாவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு மறுபடி யாரிடமாவது சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான்.

கூட்டத்தைப் பற்றி அவனுக்குக் கவலையே இருக்கவில்லை. போன மாதம் இதே வாசலில் நானூறு பேர் நின்றார்கள். வண்டியை நடுவில் நிறுத்தி, ஒலிபெருக்கியில், “யாருக்கெல்லாம் வேணும், கை தூக்குங்க” என்றான்.

நானூறு பேரும் தூக்கினார்கள். சிலர் கண்ணில் நீர்கூட வந்தது.

விவசாய இயந்திரத்துக்கு இப்படி உருகும் சந்தை வேறெங்கும் கிடையாது என்று, அந்த வீடியோவை வைத்தே வளர்ச்சித் திட்டம் எழுதி அனுப்பினான். ஷர்வினும் உருகிவிட்டார்.

எண்ணெய்ப் போத்தலோடு வீரம்மா வந்தார். கோயிலில் விளக்குப் போடுபவர். நாற்காலிகளைப் பார்த்தார்.

“யாருக்கு தம்பி கல்யாணம்?”

“ஆளுங்கெல்லாம் எங்கக்கா? அன்னைக்கு அவ்ளோ பேரு இருந்தாங்களே.”

“அது திருவிழா லா. கிள்ளான், ஜொகூர்னு எங்கெங்கயோ இருந்து வந்தாங்க, மறுநாளே போயிட்டாங்க. இங்க யாரு குடியிருக்கா? நானே புந்தோங்ல இருந்து வெள்ளிக்கெழம மட்டும் பஸ் ஏறி வாரேன்.”

“எல்லாரும் கை தூக்குனாங்களேக்கா.”

“தீபாராதனைக்குத் தூக்காம? நீதான் சாமிய மறைச்சுக்கிட்டு நின்ன. நல்ல நாளும் அதுவுமா ஏன் திட்டணும்னு விட்டுட்டோம்.”

சர்ச்சிலேயே வளர்ந்த ரோய்ஸ்டனுக்கு, அன்றைக்குத் தன் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது இப்போது நினைவுக்கு வந்தது. தன் பேச்சுக்குச் சரியான நேரத்தில் அடித்தார்கள் என்று வீட்டுக்குப் போகும்வரை பெருமைப்பட்டிருந்தான்.

கைப்பேசி அடித்தது. எடுத்தான். ஷர்வினின் முகம் வந்தது.

“நாற்காலியெல்லாம் தெரியுது. எத்தனை பேரு வந்திருக்காங்க, ரோய்ஸ்டன்?”

சுற்றிலும் பார்த்தான். செம்பனைகளுக்கு நடுவே ஒரு நாய்கூட இல்லை.

வீரம்மா அவன் முகத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்துச் சொன்னார்:

“மூணு பேரு இருக்கோம் தம்பி. அம்மனையும் சேத்து.”