அழுகண்ணியில் இறங்கிய ஈ

பத்து நாள் பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வந்த ரெபேக்கா, பையைக்கூட இறக்காமல் ஜன்னலோரம் குனிகிறாள். தட்டில் வைத்த துளைக்கல்லின் இடுக்குகளில், பூச்சி தின்னும் அழுகண்ணிச் செடிகள். மழைநீர் தவிர வேறு தண்ணீர் ஆகாதவை. இலை மயிர்களில் மின்னும், பூச்சியை ஒட்டிப் பிடிக்கும் பிசின் துளிகளைக் காணோம். கல்லின் விளிம்பில் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கிறது. "ஏனுங்க, எந்தத் தண்ணி ஊத்துனீங்க?" "போர் தண்ணிதான் அம்மணி, ஒருநாள்கூட உடல," என்கிறான் கணவன் ஆரோன். "மழைத்தண்ணி நீ பாத்துப் பாத்துப் புடிச்சு வெச்சதாச்சே, தொடவே இல்ல." மூலையில் குடம் விளிம்புவரை நிறைந்திருக்கிறது. மேசை வாழைப்பழத்திலிருந்து எழும்பிய சின்ன ஈ ஒன்று இலையில் இறங்குகிறது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஈ இலையின் குறுக்கே நடக்கிறது, நடுவில் நின்று முன்னங்கால்களைத் தேய்த்துக்கொள்கிறது, பறந்துபோகிறது.