வேற்றுக்கிரக வாள்

“ரெண்டு மாசமா ஓவர்டைம் போகாம இந்த வாளையே கட்டிக்கினு அழுவுறே. என் கம்மலும் அடகுக்குப் போய்டுச்சி,” என்றாள் மனைவி கமலவேணி.

“நாடகக்காரரு இன்னிக்கு இருநூறு ரூபா தர்றாரு. கம்மலை மீட்டுடலாம்,” என்றான் ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளி கனகராஜ்.

சாயங்காலம் ஒத்திகைக் கொட்டகையில், வேற்றுக்கிரக நாடகத்துக்காகத் தான் கேட்டிருந்த வாளின் பிடியிலிருந்த பட்டனை நாடகக்காரர் நந்தகோபால் அமுக்கினார். வெள்ளிப் பூச்சு வாளில் டார்ச் பல்பு எரிந்தது.

“பிரமாதம்பா!”

“ஷூ அடித்தோலை மூணு மடிப்பா ஒட்டித் தெச்சிருக்கேன் சார். லாரி ஏறினாலும் உடையாது.”

அவர் முகம் மாறியது. “பேஜார் பண்ணிட்டியே! கடைசி சீன்ல ஹீரோ இதை ரெண்டா உடைக்கணும்பா.”

“நீங்க சொல்லலையே சார்?”

“நாடக வாள்னா அட்டைதானே? எனக்கு வேணாம். எடுத்துனு போ.”

“இருங்க சார்!” கனகராஜ் வாளை முழங்காலில் வைத்து முழு பலத்தோடு அமுக்கினான். வளைந்தது. கையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டது.