கடைசி வரி

மராத்திக்காரர்கள் ஊரான போபோடியில் ஆண்டனியின் சஷ்மா கடை, அதாவது மூக்குக்கண்ணாடிக் கடை, தீப்பெட்டி அளவுதான். தூரம் போதாததால், எழுத்து அட்டையை உட்காருகிறவர் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தான். எதிரே உள்ள நிலைக்கண்ணாடியில் பார்த்துப் படிக்க வேண்டும்.

மளமளவென்று படித்துவந்த செல்லத்தாய் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"தெரியலையா அக்கா?" ஆண்டனி வில்லையை மாற்றினான்.

"எங்க வீட்டுக்காரரு மறைக்கிறாரு."

ஆண்டனி திரும்பிப் பார்த்தான். அட்டைக்கு முன்னால் யாரும் இல்லை. துரைப்பாண்டி செத்து ஒரு வருஷமாகிறது.

சஷ்மா போட்டால் பொம்பளைக்கு லட்சணம் போய்விடும் என்று, கல்யாணமான நாளிலிருந்து அவளைக் கண்ணைச் சுருக்கியே வாழவைத்தவர். இப்போது நிலைக்கண்ணாடிக்குள், ஃபேக்டரி காக்கியில், மங்கலாக நின்றார்.

"உசுரோட இருந்து மறிச்சது போதும். தள்ளி நில்லுய்யா!" என்றாள். அவரிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை.

அவர் நகர்ந்தார். கடைசி வரியைக் கணீரென்று படித்தாள்.

"நல்ல பெரிய ஃப்ரேமா, சிவப்புல குடு தம்பி."

சோதனை வில்லையைக் கழற்றுமுன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தார். ஓங்குதாங்கான ஆள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அந்தக் கடைசி வரிக்கு மேல் அவர் தலை எட்டவே இல்லை.