வெளியீட்டை நீக்கு

"ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்க உனக்கு இன்னா கஷ்டம்?"

இளமதி கத்தியதில், கல்லூரி நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மோனிகா கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கல்லூரி நடத்தும் ஆய்விதழின் இணையதளம் அவள் பொறுப்பு.

"வெளியான கட்டுரையை எடுக்க மாட்டேன், இளா."

"ஏன், சாஃப்ட்வேர் விடாதா?"

"விடும். இது எல்லாருக்கும் பொதுவான இலவச சாஃப்ட்வேர். யாரு வேணா எடுத்து இதழ் நடத்தலாம். 'வெளியீட்டை நீக்கு'ன்னு இதோ கீது. நான்தான் அமுக்க மாட்டேன்."

"அப்ப நீ மனுஷியே இல்ல!"

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்று. அங்கே மணல் தூசி ஏறி நுரையீரல் கெட்டவர்களைப் பற்றி ஆய்வு மாணவி இளமதி எழுதிய கட்டுரை அது. யார் பெயரையும் அவள் போடவில்லை. 'மணல் அச்சை உடைக்கும் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருவர்' என்றுதான் எழுதியிருந்தாள்.

அந்தப் பிரிவில் பெண் என்று இருந்ததே விக்டோரியா ஒருத்திதான். இது இளமதிக்குத் தோன்றவில்லை. கம்பெனிக்குத் தோன்றிவிட்டது. கட்டுரை வெளியான மறுவாரமே விக்டோரியாவை கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஒரு பொம்பள பொழப்பு போச்சு. நீ குந்திக்கினு நியாயம் பேசற! கட்டுரையை எடுத்துட்டா அவங்களைத் திரும்ப சேத்துக்குவான் இல்ல?"

"இளா, சொல்றதக் கேளு..."

"கேக்க மாட்டேன். உலகமே காசில்லாம படிக்கலாம்னு பீத்திக்கினோமே, படிச்சது யாரு? அந்த மேனேஜர்!"

"அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கினு போய் கேப்பேன்? பாவப்பட்ட ஜனத்துக்காக நாமதான் பேசணும். அதுக்குத்தான படிச்சோம்?"

புத்தக அலமாரிக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நிற்காத இருமல். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விக்டோரியா வெளியே வந்தாள்.

"காலையிலயே வந்துட்டாங்க," என்றாள் மோனிகா. "நீதான் என்னை சொல்லவே விடல."

இளமதி பதறிப்போய் விக்டோரியாவின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுடுங்கக்கா. இப்பவே எடுக்கச் சொல்றேன்."

"எடுக்க வேணாம்னு சொன்னதே நான்தாம்மா." விக்டோரியாவுக்கு மூச்சு வாங்கியது. "லேபர் ஆபீசுக்குப் போனேன். நான் காண்ட்ராக்டு ஆளு. கார்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அந்த மாதிரி ஒரு பொம்பள எங்ககிட்ட வேலையே செய்யலன்னு கம்பெனிக்காரன் சாதிச்சுட்டான். கூட வேலை செஞ்சதுங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கினு நிக்குதுங்க. நான் அங்க இருந்தேன்னு சொல்றது உன் கட்டுரை ஒண்ணுதான்."

இளமதி கையை விட்டாள்.

"'பெண் ஒருவர்'னு போட்டுக்கீறியே, அங்க என் பேரைப் போட்டுடும்மா. போட்டோவும் போடு. இன்னும் எவ்ளோ நாள் இருமிக்கினு இருப்பேன்னு தெரியல. அதுக்குள்ள அவன் பதில் சொல்லட்டும்."

மோனிகா ஏற்கெனவே கட்டுரையின் புதுப் பதிப்பைத் திறந்து, பெயரைச் சேர்த்து வைத்திருந்தாள். "கட்டுரை எழுதினவ சம்மதிக்கணும், இளா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போட்டுடறேன்."

இளமதி விக்டோரியாவைப் பார்க்காமல், அன்றைக்கு முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அடுத்த மாசம் எனக்கு பிஎச்.டி. வைவா, அக்கா... கம்பெனிக்காரன் எனக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிட்டான். வைவா முடியற வரைக்குமாவது எடுத்து வெச்சிடலாமே?"