முதல் நாள் கடிகாரங்கள்

பூட்டிய பீரோவிலிருந்து ஒன்பது ஸ்டாப் கிளாக்குகளையும் எடுத்து, மேசைக்கு ஒன்றாக வைத்தார் சின்னையா.

வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அவை வெளியே வரும். பி.எஸ்ஸி. முதல் வருஷத்துப் பையன்களின் முதல் லாப் அன்று. நிமிஷத்துக்கு இரண்டு விநாடி பின்தங்கி ஓடும்படி, திருச்சி பெரிய கடைவீதிக் கடிகாரக்காரரிடம் புரொபசரே சொல்லிச் செய்து வாங்கியவை.

நூலில் குண்டைக் கட்டி ஆட விட வேண்டும். ஆடுகிற நேரத்தைக் குறித்துக் கணக்குப் போட்டால், பூமியின் இழுப்பு எவ்வளவு என்பது கிடைக்கும். புத்தகத்தில் அது 980. இந்தக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஆயிரத்து நாற்பதைத் தாண்டித்தான் வரும்.

வந்ததை அப்படியே எழுதுகிற ஒருவனைத்தான் புரொபசர் தேடிக்கொண்டிருந்தார். சின்னையா லாப் அட்டெண்டராக வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இந்த 1958 ஜூன் வரைக்கும் அப்படி ஒருவன்கூட வந்து சேரவில்லை.

அகப்பட்ட சீனியர்களாவது சொல்லி வைக்கலாம். சொல்ல மாட்டார்கள். "980 எழுதுடா, போதும்" என்று மட்டும் காதில் ஓதி அனுப்புவார்கள். தான் பட்டதை அடுத்தவன் படாமல் போனால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

சின்னையாவும் இதுவரை வாயைத் திறந்ததில்லை. இந்த வருஷம்தான் நாக்கு அரித்தது. காலையில் சாப்பிடும்போதே விஷயம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மோரோடு சேர்த்து விழுங்கினார்.

எல்லாம் அந்த மூன்றாம் மேசை அழகிரிக்காகத்தான்.

மற்றவர்களெல்லாம் மணிக்கு நூறு தடவை "சின்னையா, நூல்", "சின்னையா, ஸ்கேல்" என்று ஏலம் போட்டார்கள். அழகிரி கூப்பிடவே இல்லை. தானே எழுந்து போய் நூல் எடுத்தான், குண்டைக் கட்டினான், மூச்சுக்கூட பலமாக விடாமல் எண்ணினான். பதினெட்டுப் பேரில் யாராவது ஒருவன் தேறினால் அது இவனாகத்தான் இருக்கும் என்று சின்னையாவுக்குப் பட்டது. இருக்க வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது.

மேசையைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போனார்.

நோட்டில் பென்சிலால் 1046 என்று இருந்தது.

அழகிரி அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தைத் தூக்கிக் காதில் வைத்துக் கேட்டான். பிறகு பக்கத்தில் பார்த்தான். அப்துல் மாலிக் 979 என்று எழுதி முடித்து, நிம்மதியாகப் பேனாவை மூடிக்கொண்டிருந்தான். முன் மேசையில், ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன் 980.2 என்று தசமம் வேறு போட்டு அழகு பார்த்தான்.

அழகிரியின் கை ரப்பரைத் தேடியது.

ஒரு செருமல் போதும். கடிகாரத்தின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டினாலும் போதும். அவன் கெட்டிக்காரன், பிடித்துக்கொள்வான். சின்னையாவின் விரல் கடிகாரம் வரைக்கும் போய்விட்டது.

ஆனால் சொல்லிக்கொடுத்து எழுதினால் அது அவன் நம்பராக இருக்காதே.

துணியை உதறிக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். முதுகுக்குப் பின்னால் ரப்பர் தேய்க்கிற சத்தம் கேட்டது. அவருக்கு அழுகையே வரும்போல் இருந்தது.

கால் மணி நேரத்தில் பதினெட்டு நோட்டும் தரையில் கிடந்தன. புரொபசர் ஒவ்வொன்றிலும் கடைசி வரியை மட்டும் பார்த்தார், பார்த்துவிட்டு வீசினார்.

"கடிகாரமே தப்பு. உங்க எல்லாருக்கும் விடை மட்டும் எப்படிடா சரியா வந்துச்சு? புஸ்தகத்துல என்ன போட்டிருக்குன்னா கேட்டேன்? நீ என்ன பார்த்தேன்னு கேட்டேன். அடுத்த லாபுக்கு வரும்போது இந்தப் பக்கத்துல அப்பா கையெழுத்து இருக்கணும். இல்லாதவன் வாசல்லயே நிக்கலாம்."

மாலிக்கின் அத்தா பினாங்கில் இருந்தார். கப்பல் தபால் போய் வர ஒரு மாதம் ஆகும். கடைசி மேசை பிலோமின்ராஜின் அப்பா பக்கத்தில்தான், பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். அவர் பெல்ட்டை நினைத்ததுமே அவனுக்கு வேர்த்தது.

சின்னையா குனிந்து நோட்டுகளைப் பொறுக்கி, அட்டையில் பேர் பார்த்து ஒவ்வொருவரிடமாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். கடைசி நோட்டு அழகிரியுடையது.

அழகிரி அதை வாங்கினான். உட்காரவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரித்து மேசை ஓரத்தில் வைத்தான். பேனாவைத் திறந்து அவரிடமே நீட்டினான்.

"இங்கயே போட்டுருங்கப்பா."

பதினேழு தலைகளும் திரும்பின. புரொபசர் சின்னையாவைப் பார்த்தார், ஒன்பது கடிகாரங்களையும் பார்த்தார், பையனைப் பார்த்தார். அவருக்கே இது புதுச் செய்தி. நாற்காலியில் உட்கார்ந்தார்.

சின்னையா காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவசரப்படாமல் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மற்ற அப்பாக்கள் திட்டுவதற்குப் பையன் வீடு போய்ச் சேருகிற வரையிலோ, கடுதாசி போய்ச் சேருகிற வரையிலோ பொறுக்க வேண்டும். அவருக்கு அந்தக் கவலை இல்லை. வழிகிற சந்தோஷத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், பி.எஸ்ஸி. படிக்கிற தன் மகனை லாப் முழுக்கக் கேட்கும்படி திட்டினார்:

"கண்ணால பார்த்ததை அழிச்சுட்டு எவனோ சொன்னதை எழுதியிருக்கியே, அறிவிருக்காடா உனக்கு?"