ஒரு கொம்பு நீளம்

மழை விட்ட தோட்டத்தில் நத்தைகளுக்குப் பந்தயம் நடந்தது. எல்லைக் கோட்டை எந்த நத்தையின் கொம்பு முதலில் தொடுகிறதோ, அதற்குத்தான் வெற்றி.

கிணற்றடி நத்தைதான் முன்னால் வந்துகொண்டிருந்தது. கோட்டைத் தொடப்போன நேரத்தில் வாழையிலையிலிருந்து ஒரு சொட்டு அதன் தலையில் விழுந்தது. பிறவிப் பழக்கம் விடுமா? இரண்டு கொம்பும் சட்டென்று உள்ளே போய்விட்டன. அதற்குள் பக்கத்து நத்தையின் கொம்பு கோட்டைத் தொட்டுவிட்டது.

கிணற்றடி நத்தை ஓட்டுக்குள் போய் முடங்கிக்கொண்டது. இனிமேல் பந்தயமே வேண்டாம் என்று முடிவும் எடுத்தது.

மூன்றாம் நாள் யாரோ ஓட்டைத் தட்டினார்கள். அது ஜெயிப்பதைப் பார்க்கக் கிணற்றடியிலிருந்து புறப்பட்ட நாலு நத்தைகள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தன.

“பந்தயம் முடிஞ்சு மூணு நாளாச்சு. நான் தோத்துட்டேன்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தெரியும். பாதி வழியிலேயே தவளை சொல்லிடுச்சு,” என்றது வந்ததில் ஒன்று.

“அப்பவே திரும்பிப் போயிருக்கலாமே?”

“வீட்டுக்குப் போறதும் அதே தூரம், உன்கிட்ட வர்றதும் அதே தூரம். உன்கிட்டயே வந்துட்டோம்.”

ஓட்டிலிருந்து ஒரு கொம்பு மெல்ல எட்டிப் பார்த்தது.

“அடுத்த பந்தயம் எப்போ?” என்று கேட்டது வந்ததில் இன்னொன்று.

“ஐப்பசி மழைக்கு, மாந்தோப்புல. ஆனா நான்...”

“ஐப்பசியா? அப்ப இப்பவே கிளம்பணும். இந்தத் தடவையாவது முதல்லேர்ந்து பாக்கணும்,” என்று நாலும் மாந்தோப்புப் பக்கம் திரும்பின.

அவை ஒரு சாண் தூரம் போவதற்குள் இரண்டாவது கொம்பும் வெளியே வந்தது.

“கொஞ்சம் மெதுவாப் போங்க. நானும் வர்றேன்.”