கம்பளத்தில் பூனை வாடை

பட்டப்பகலில் ஹாலின் கதவு ஜன்னல்களை எல்லாம் சாத்தி, திரையையும் இழுத்துவிட்டாள் தஸ்லீமா.

கையில் ஒரு சின்ன ஊதா லைட்டு. திண்டிவனம் கடைவீதியில் ஃபேன்சி கடை வைத்திருக்கும் அவள் கணவன் ஹுதைஃபா, கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருப்பது. காய்ந்துபோன மூத்திரக் கறை சும்மா பார்த்தால் தெரியாது, இந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும் என்று யாரோ வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

வீடியோக்காரர்கள் சொன்ன மற்றதெல்லாம் செய்து பார்த்தாயிற்று. வினிகர் தெளித்தாள். ஆப்பச் சோடாவைத் தூவி ஊறவிட்டுப் பெருக்கினாள். மூன்று தடவை தண்ணீர் ஊற்றி ஒற்றி எடுத்தாள். மார்க்கம் சொல்கிறபடி கம்பளம் சுத்தமாகிவிட்டது, மூக்குதான் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரம் பட்டதும் பழைய வாடை புதிதாக எழுந்தது. அதன்மேல் அத்தரையும் தெளிக்கப்போய், வீடு கல்யாண மண்டபத்துக் கொல்லைப்புறம் மாதிரி ஆனதுதான் மிச்சம்.

கம்பளம் மாமனார் அப்துல் வஹாப் குவைத்திலிருந்து வரும்போது கொண்டுவந்தது. ஹாலை அடைத்துக்கொண்டு கிடக்கும். முழங்கால் வலியால் மாடி ஏற முடியாமல் அவர் கட்டிலை ஹாலுக்கு இறக்கிய பிறகு, படுக்கை, தொழுகை எல்லாம் அங்கேதான். வாடை வரத் தொடங்கியதும் முசல்லா விரிப்பைச் சுருட்டிக்கொண்டு தொழுவதற்கு வராந்தாவுக்குப் போய்விட்டார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஹுதைஃபா சொன்னான். பூனையைச் சொன்னான்.

சுல்தான் கண் திறக்காத குட்டியாகச் சாக்கடை ஓரம் கிடந்தவன். பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்து வளர்த்தது தஸ்லீமா. அவனை இன்று சாயங்காலம் விழுப்புரம் மார்க்கெட்டில் கொண்டுபோய் விடுவதாக முடிவாகியிருந்தது. அங்கே மீன் கடைகள் இருக்கின்றன, பிழைத்துக்கொள்வான் என்றான் ஹுதைஃபா. கெட்டவன் இல்லை. கடையை விட்டு வந்தால் வீடு வீடு மாதிரி மணக்க வேண்டும் அவனுக்கு, அவ்வளவுதான். தஸ்லீமா அழுததைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்து, இந்த லைட்டைக் கொடுத்தான். கறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் பூனை இருக்கட்டும் என்றான்.

வெள்ளிக்கிழமை. மாமனாரும் ஹுதைஃபாவும் ஸ்கூட்டரில் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள்.

பூனை மூலை முடுக்கைத்தான் தேடிப் போகும் என்று முதலில் மூலைகளில் லைட்டை அடித்தாள். ஒன்றுமில்லை. சோபாவுக்குப் பின்னால் இல்லை. ஜன்னலுக்குக் கீழே இல்லை.

அப்படியே திருப்பியபோது நடு ஹாலில் மஞ்சளாக ஏதோ மின்னியது.

ஒரு சொட்டு. பக்கத்தில் இன்னொன்று. மண்டியிட்டு, சொட்டுகளின் பின்னாலேயே ஊர்ந்து போனாள். அவை சோபாவைச் சுற்றி வளைந்து நேராக பாத்ரூம் வாசலில் போய் முடிந்தன. திரும்பி, எங்கே தொடங்குகின்றன என்று பார்த்தாள்.

மாமனாரின் கட்டில் காலடியில்.

பாதி வழியில் முறம் அகலத்துக்கு ஒரு திட்டு. அதைச் சுற்றித் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்த தடம். காலையில் அவள் எழுந்து வரும்போதே கொடியில் ஈரமாகத் தொங்கும் அவருடைய துண்டு ஞாபகத்துக்கு வந்தது.

லைட்டை அணைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் இந்த ஹாலில் நின்றுகொண்டு அவளும் ஹுதைஃபாவும் பூனையைத் திட்டிய திட்டையெல்லாம் அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்.

இந்தக் கறையை எடுத்தாலும் நாளைக்குப் புதிதாக ஒன்று வரும். பூனைதான் என்று சொன்னால் சுல்தான் போய்விடுவான். பூனை இல்லை என்று சொன்னால், பிறகு யார்?

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எழுந்து அவசரமாக ஜன்னல்களைத் திறந்தாள்.

"இன்னா, தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் ஹுதைஃபா. பின்னால் சுவரைப் பிடித்தபடி மாமனார்.

"நம்ம சுல்தான் இல்லீங்க. ராத்திரில ஏதோ தெருப் பூனை ஜன்னல் வழியா வந்துக்கினு இருக்குது. வலை அடிச்சிட்டா சரியாப் பூடும்."

"இத்தினி நாளா யாரு கண்ணுலயும் படாத பூனையா?" ஹுதைஃபா சிரித்தான். "உன் பூனைய காப்பாத்த இன்னா வேணா சொல்லுவ நீ."

தஸ்லீமாவுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை.

மாமனார் கட்டிலில் மெல்ல உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். அதை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"நான் பாத்தேன்பா," என்றார். "கறுப்புப் பூனை. ரொம்பக் கெழடு. வேணும்னு பண்ணல அது, பாவம்."

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா அத்தா? அநியாயமா நம்ம பூனைய வெரட்டப் பாத்தேனே," என்று ஹுதைஃபா கை கழுவப் போனான்.

மாமனார் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தஸ்லீமா அவர் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இனிமே அது வந்தா என்னைக் கூப்புடுங்க மாமா. எந்நேரமா இருந்தாலும்."